ஆபீஸ் லாகினுக்கு எஸ்எம்எஸ் ஓடிபியா, ஆத்தென்டிகேட்டர் ஆப்பா, சாவியா?

ராத்திரி பத்தரை மணி. லோடு ஏற்றிய வண்டி கேட்டில் நிற்கிறது. விடிவதற்குள் தூத்துக்குடி போய்ச் சேர வேண்டிய சரக்கு. ஈ-வே பில் (சரக்கை எடுத்துச் செல்ல அரசுத் தளத்தில் போடும் ரசீது) போட்டால்தான் வண்டி நகரும். டிஸ்பாட்ச் பையன் யூசர் ஐடியும் பாஸ்வேர்டும் அடிக்கிறான். ஓடிபி முதலாளியின் போனுக்குப் போகிறது. முதலாளி ஈரோட்டில் ஒரு கல்யாண வரவேற்பில் இருக்கிறார். "சார், நம்பர் வந்துச்சுங்களா?" என்று பையன் கேட்க, பாட்டுக் கச்சேரிச் சத்தத்துக்கு நடுவே அவர் ஆறு எண்ணையும் ஒவ்வொன்றாக வாசிக்கிறார். பையன் அடிக்கிறான். பில் வந்தது, வண்டி கிளம்பியது.

திருப்பூரில் ஏற்றுமதி செய்யும் ஒரு பனியன் கம்பெனியில் கம்ப்யூட்டர், நெட்வொர்க், மெயில் எல்லாம் என் பொறுப்பு. அன்றைக்கு ராத்திரி எனக்கு உறுத்தியது ஒன்றுதான். ஓடிபியைப் போனில் வாசித்துச் சொல்வது எங்கள் ஆபீஸில் சாதாரண வேலை ஆகிவிட்டது. யார் கேட்டாலும் வாசிப்பார்கள் என்று சொல்லவில்லை. ஆனால் அவசரம், தெரிந்த மாதிரி ஒரு குரல், வண்டி நிற்கிறது என்ற பதற்றம் இந்த மூன்றும் சேர்ந்தால் வாய் தானாக வாசித்துவிடும். மோசடிக்காரன் உருவாக்குவதும் இதே மூன்றைத்தான்.

எங்களுக்கு இதில் ஏற்கெனவே ஒரு காயம் உண்டு. சில வருஷம் முன்பு ஒரு மெர்ச்சண்டைசரின் (சரக்கு வாங்கும் பையரோடு பேசி ஆர்டரைக் கவனிப்பவர்) மெயில் பாஸ்வேர்டு ஒரு போலி லாகின் பக்கத்தில் பறிபோனது. உள்ளே வந்தவன் எதையும் அழிக்கவில்லை, யாருக்கும் மெயில் அனுப்பிக் கலாட்டா செய்யவில்லை. ஒரே ஒரு ரூல் போட்டு வைத்தான்: பையரிடமிருந்து வரும் மெயில்கள் எல்லாம் யாரும் திறந்தே பார்க்காத ஆர்எஸ்எஸ் ஃபீட்ஸ் என்ற ஃபோல்டருக்குப் போய்விடும். அப்புறம் பொறுமையாக எங்கள் இன்வாய்ஸ் நடையிலேயே, "வங்கிக் கணக்கு மாறியிருக்கிறது" என்று பையருக்கு எழுதினான். பையர் பணம் அனுப்பும் முன் போன் செய்து கேட்டதால் தப்பித்தோம். கேட்காமல் போயிருந்தால் ஒரு சீசன் லாபம் போயிருக்கும்.

அதனால் பாஸ்வேர்டுக்கு மேல் இரண்டாவதாக ஒரு பூட்டு வேண்டும் என்பதில் எங்களுக்குள் பேச்சே இல்லை. எந்தப் பூட்டு என்பதுதான் கேள்வி. அறுபது சொச்சம் பேருக்கு லாகின் இருக்கும் இடத்தில், எஸ்எம்எஸ், ஆப், போனில் வந்து விழும் "அப்ரூவ்" அறிவிப்பு, கம்ப்யூட்டரில் செருகும் சின்ன யூஎஸ்பி சாவி, போனையோ லேப்டாப்பையோ சாவியாக்கும் பாஸ்கீ என்று ஐந்து வழிகளையும் எடுத்து வைத்துப் பார்த்தேன். விலை, வசதி, சிக்னல் எல்லாம் கணக்கில் வந்தன. ஆனால் ஒவ்வொன்றிடமும் நான் முதலில் கேட்டது இதைத்தான்: இதை இன்னொருவருக்கு வாசித்துச் சொல்ல முடியுமா?

எஸ்எம்எஸ்ஸில் ஆரம்பிக்கலாம், அதுதான் எல்லோருக்கும் பழகியது. கீபேட் போனிலும் வரும், எதையும் இன்ஸ்டால் செய்ய வேண்டாம், சொல்லிக் கொடுக்க வேண்டாம். அதன் பலம் அவ்வளவுதான். எங்கள் நிட்டிங் ஷெட்டுக்குள் சிக்னல் சரியாக இருக்காது. மெசேஜ் வருவதற்குள் பக்கம் காலாவதியாகிவிடும். வெளிநாட்டுக் கண்காட்சிக்குப் போகும் மார்க்கெட்டிங் ஆட்கள் அங்கே உள்ளூர் சிம் போட்டுவிட்டால் ஓடிபி வராது. அப்புறம் சிம் ஸ்வாப். போலி அடையாளத்தைக் காட்டி உங்கள் எண்ணுக்கு இன்னொருவன் புது சிம் வாங்கிவிட்டால், மெசேஜ் எல்லாம் அவன் கைக்குத்தான் போகும். 2019 ஆகஸ்டில் ட்விட்டரின் தலைவர் ஜாக் டார்சியின் சொந்த ட்விட்டர் கணக்கே அவருடைய போன் எண்ணைக் கைப்பற்றித்தான் களவாடப்பட்டது. அதற்கு முந்தைய வருஷம் ரெட்டிட் நிறுவனத்தில் ஊழியர்களுக்கு வந்த எஸ்எம்எஸ் குறியீடுகளை இடைமறித்து உள்ளே போனார்கள். அமெரிக்க அரசின் தர நிர்ணய அமைப்பான நிஸ்ட், 2017-லேயே எஸ்எம்எஸ் வழியை "கட்டுப்பாட்டுக்கு உட்பட்டது" என்று தனி வரிசையில் வைத்துவிட்டது.

நம் நாட்டில் சிம் மாற்றினால் 24 மணி நேரத்துக்கு அந்த எண்ணில் எஸ்எம்எஸ் நிறுத்தி வைக்கச் சொல்லி தொலைத்தொடர்புத் துறை 2022-ல் உத்தரவு போட்டது. நல்ல பாதுகாப்புதான். ஆனால் அதன் மறுபக்கத்தையும் ஆபீஸ் பார்க்க வேண்டும்: போன் தொலைத்த நம் ஆளே புது சிம் வாங்கினாலும் ஒரு நாள் முழுக்க லாகின் செய்ய முடியாது. ஷிப்மென்ட் நாளில் அது நடந்தால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

வாசித்துச் சொல்ல முடியுமா என்ற கேள்விக்கு எஸ்எம்எஸ்ஸின் பதில், கல்யாண மண்டபத்தில் பார்த்ததுதான்.

ஆப் என்ன செய்கிறது

ஆத்தென்டிகேட்டர் ஆப் என்றதும் எங்கள் ஆட்கள் கேட்ட முதல் கேள்வி, "நெட் இல்லாட்டி எப்படிங்க வரும்?" என்பதுதான். நியாயமான கேள்வி. அதன் வேலை புரிந்துவிட்டால் அதன் பலவீனமும் புரிந்துவிடும் என்பதால் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

முதல் நாள் நாம் ஸ்கேன் செய்யும் கியூஆர் கட்டத்துக்குள் ஒரு ரகசியச் சரம் இருக்கிறது. அதே சரம் சர்வரிலும் இருக்கிறது. அதற்குப் பிறகு இருவரும் பேசிக்கொள்வதே இல்லை. 1970 ஜனவரி 1 முதல் ஓடிய விநாடிகளை 30-ஆல் வகுத்தால் வரும் எண்ணையும், அந்த ரகசியத்தையும் சேர்த்து ஒரு கணக்குப் போட்டு, கிடைப்பதிலிருந்து ஆறு இலக்கத்தை எடுக்கிறது ஆப். சர்வரும் தன் பக்கம் அதே கணக்கைப் போடுகிறது. இரண்டும் ஒன்றாக இருந்தால் கதவு திறக்கும். போனில் சிம்மே இல்லாவிட்டாலும், ஃபிளைட் மோடில் இருந்தாலும் எண் வரும். 2011-ல் ஆர்எஃப்சி 6238 என்ற பொது விதியாக இது வெளியானது. அதனால்தான் கூகுளின் ஆப்பில் மைக்ரோசாஃப்ட் கணக்கையும், மைக்ரோசாஃப்ட் ஆப்பில் கூகுள் கணக்கையும் வைத்துக்கொள்ள முடிகிறது.

கணக்கு நேரத்தை நம்பி ஓடுகிறது. எங்கள் குடோன் கீப்பருக்கு ஆப் போட்டுக் கொடுத்த அன்றே, "தப்பு, தப்புன்னே வருதுங்க தம்பி" என்று போனை நீட்டினார். ஸ்கேன் சரி, கணக்கு சரி, எண்ணையும் சரியாகத்தான் அடிக்கிறார். அரை மணி நேரம் தலையைப் பிய்த்துக்கொண்ட பிறகுதான் போனின் மேல் ஓரத்தைப் பார்த்தேன். சுவர்க் கடிகாரத்தை விட ஐந்து நிமிஷம் முந்தி ஓடியது. ஷிப்டுக்கு லேட் ஆகக் கூடாது என்று பல வருஷமாக எல்லாக் கடிகாரத்தையும் ஐந்து நிமிஷம் முன்னால் வைக்கிறவர். போனிலும் அப்படியே கையால் மாற்றி வைத்திருக்கிறார். செட்டிங்ஸில் தேதி, நேரம் தானாக எடுத்துக்கொள்ளும்படி வைத்ததும் முதல் எண்ணே வேலை செய்தது. அதற்குப் பிறகு யாராவது "எண் தப்பு" என்று வந்தால் நான் முதலில் பார்ப்பது கடிகாரத்தைத்தான்.

இந்த ஆப் வழி நம் ஊர் ஆபீஸ்களுக்குப் புதியதும் இல்லை. ஈ-வே பில், ஈ-இன்வாய்ஸ் தளங்களில் பெரிய நிறுவனங்களில் தொடங்கி, 2025 ஏப்ரல் 1 முதல் எல்லோருக்கும் இரண்டாம் கட்டச் சரிபார்ப்பு கட்டாயமானது. அங்கே எஸ்எம்எஸ், அரசின் மெசேஜ் ஆப்பான சந்தேஷ், என்ஐசி-ஜிஎஸ்டி-ஷீல்டு ஆப் என்று மூன்று வழிகள் உண்டு. இதில் ஷீல்டு ஆப் நான் மேலே சொன்ன வகை: 30 விநாடிக்கு ஒரு எண், நெட் வேண்டாம், நேரம் மட்டும் சரியாக இருக்க வேண்டும். டிஸ்பாட்ச் பையனுக்கு அவன் எண்ணிலேயே ஒரு சப்-யூசர் (கம்பெனிக் கணக்கின் கீழ் அவனுக்கென்று தனி லாகின்) உருவாக்கி, இந்த ஆப்பையும் போட்டுக் கொடுத்தாலே கல்யாண மண்டபத்துக்குப் போன் போக வேண்டிய அவசியம் இல்லை. பல கம்பெனிகளில் இன்னும் முதலாளியின் ஒரே லாகினை நாலு பேர் பயன்படுத்துகிறார்கள். சப்-யூசர் உருவாக்குவது அரை மணி நேர வேலை. தயவுசெய்து அதை முதலில் செய்யுங்கள்.

சரி, பலவீனத்துக்கு வருவோம். முதல் பலவீனம் அந்தக் கியூஆர் கட்டம். ஒரு பொதுக் கணக்குக்கு நான் அனுப்பிய கட்டத்தை, எங்கள் சூப்பர்வைசர் ஒருவர் போட்டோ எடுத்து, "எல்லாரும் ஸ்கேன் பண்ணிக்கங்க" என்று வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டார். நல்ல எண்ணம்தான். ஆனால் அந்தக் கட்டம்தான் ரகசியம். அதை ஸ்கேன் செய்த எவருக்கும், நாம் மாற்றும் வரைக்கும் அதே எண்கள் வந்துகொண்டே இருக்கும். அன்றைக்கே கணக்கை ரீசெட் செய்தேன். அதன் பிறகு பொதுக் கணக்கு என்பதையே ஒழித்து, ஒவ்வொருவரும் தன் லாகினிலிருந்தே பொது மெயில்பாக்ஸைத் திறக்கும்படி மாற்றிவிட்டேன்.

இரண்டாவது பலவீனம்தான் பெரியது. ஆப்பில் வரும் எண்ணையும் வாசித்துச் சொல்ல முடியும். போலிப் பக்கத்தில் அடிக்கவும் முடியும். இன்றைய போலிப் பக்கங்கள் பாஸ்வேர்டைச் சேர்த்து வைத்துக்கொண்டு அப்புறம் பயன்படுத்துகிறவை அல்ல. நீங்கள் அடிக்க அடிக்க அதை அந்த நொடியே உண்மையான தளத்துக்குக் கடத்துகின்றன. ஆறு இலக்கத்துக்கு 30 விநாடி ஆயுள் என்றால் மோசடிக்காரனுக்கு இரண்டு விநாடி போதும். 2022-ல் ட்விலியோ நிறுவன ஊழியர்களுக்கு, "உங்கள் பாஸ்வேர்டு காலாவதியாகிவிட்டது" என்பது போன்ற மெசேஜ்கள் வந்தன; சொடுக்கியவர்கள் போலிப் பக்கத்துக்குப் போனார்கள்; உள்ளே ஆள் புகுந்துவிட்டான். இதற்கு என்ன மாற்று என்பதைச் சாவி பற்றிச் சொல்லும்போது பார்க்கலாம்.

இத்தனைக்குப் பிறகும் எஸ்எம்எஸ்ஸை விட ஆப் பல மடங்கு மேல் என்றுதான் சொல்வேன். சிம் ஸ்வாப் செய்து ஒன்றும் ஆகாது, சிக்னல் தொல்லை இல்லை, செலவு இல்லை. எங்கள் மெர்ச்சண்டைசரின் பாஸ்வேர்டைச் சாதாரணப் போலிப் பக்கத்தில் திருடியவனை இந்த ஆப் வாசலிலேயே நிறுத்தியிருக்கும்.

"அப்ரூவ்" பட்டன்

எண்ணை அடிப்பதற்குப் பதிலாக போனில் ஒரு அறிவிப்பு வந்து, "நீங்கள்தானா?" என்று கேட்டு, ஆம் என்று தட்டினால் உள்ளே விடும் வழி ஒன்று இருக்கிறது. வாசித்துச் சொல்ல எண்ணே இல்லையே, இது நல்லதாயிற்றே என்று நானும் நினைத்தேன். 2022 செப்டம்பரில் ஊபரில் நடந்ததைப் படித்த பிறகு அந்த எண்ணம் போய்விட்டது. ஒரு ஒப்பந்த ஊழியரின் பாஸ்வேர்டு கையில் கிடைத்தவன், மறுபடி மறுபடி லாகின் முயற்சி செய்து அவர் போனில் அறிவிப்புகளைக் கொட்டினான். கடைசியில் அவர் ஒன்றுக்கு ஒப்புதல் தட்டிவிட்டார். தூக்கக் கலக்கத்தில் அலாரத்தை அணைப்பது போலத்தான். இதில் அவரைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. எங்கள் ஆட்களில் பாதிப் பேர் அப்படித் தட்டுவார்கள்.

இதற்குப் பிறகு வந்த மருந்து, எண் பொருத்தம். கம்ப்யூட்டர் திரையில் இரண்டு இலக்க எண் ஒன்று தெரியும். அதைப் போனில் அடித்தால்தான் ஒப்புதல். மைக்ரோசாஃப்ட் 2023 மே மாதத்தில் தன் ஆத்தென்டிகேட்டரின் அறிவிப்புகளுக்கு இதைக் கட்டாயமாக்கியது. தூக்கத்தில் தட்டுவது இதனால் நின்றது. ஆனால் என் கேள்வியைக் கேட்டால் இங்கே திசை மட்டும்தான் மாறுகிறது. "ஐடி டிபார்ட்மென்ட்ல இருந்து பேசறேங்க, உங்க போன்ல ஒரு பெட்டி வரும், 58-ன்னு அடிங்க" என்று அவன் வாசிப்பான், நாம் அடிப்போம். போலிப் பக்கமும் உண்மையான எண்ணை வாங்கி நம் திரையில் காட்டிவிடும். அறிவிப்பு வரப் போனில் நெட்டும் வேண்டும். எங்கள் ஷெட்டில் அது ஒரு சிக்கல். ஆக, ஆறு இலக்க எண்ணும் எண் பொருத்தமும் என் கணக்கில் ஏறக்குறைய ஒரே படிதான். மெயில் மைக்ரோசாஃப்டில் இருந்தால் எண் பொருத்தம் வசதி. அறிவிப்பில் எந்த ஆப், எந்த ஊர் என்பதையும் காட்டும்படி வைத்துக்கொள்ளலாம். நெட் கிடைக்காத இடத்துக்கு ஆறு இலக்கம்.

சாவி

ட்விலியோவைத் தாக்கிய அதே வகை மெசேஜ்கள் அதே சமயத்தில் கிளவுட்ஃப்ளேர் நிறுவன ஊழியர்களுக்கும் வந்தன. அங்கேயும் மூன்று பேர் ஏமாந்து பாஸ்வேர்டை அடித்துவிட்டார்கள். ஆனால் திருடன் உள்ளே போக முடியவில்லை. காரணம், அங்கே ஒவ்வொரு ஊழியரும் லாகினுக்குத் தொடுவது ஒரு யூஎஸ்பி சாவி. கூகுள் 2017 முதல் தன் 85,000-க்கும் மேற்பட்ட ஊழியர்களுக்கு இத்தகைய சாவியைக் கட்டாயமாக்கிய பின், ஒருவருடைய வேலைக் கணக்குகூடப் பறிபோனதாகத் தகவல் இல்லை என்று 2018-ல் சொன்னது.

ட்விலியோ, கிளவுட்ஃப்ளேர் இரண்டு இடத்திலும் மனிதர்கள் ஏமாந்தார்கள்; சாவிதான் ஏமாறவில்லை. சாவியைப் பதிவு செய்யும்போது அது அந்தத் தளத்தின் முகவரிக்கென்று தனியாக ஒரு ஜோடி ரகசியத்தை உருவாக்குகிறது. ஒரு பாதி தளத்துக்குப் போகும், மறுபாதி சாவியை விட்டு வெளியே வரவே வராது. லாகின் செய்யும்போது பிரவுசர், "இப்போது திறந்திருக்கும் முகவரி இது" என்று சாவிக்குச் சொல்கிறது. முகவரியில் ஒரே ஓர் எழுத்து மாறியிருந்தாலும் சாவி பேசாது. நம் கண்ணுக்கு அந்த ஓர் எழுத்து தெரியாமல் போகலாம், சாவிக்குத் தெரியும். வாசித்துச் சொல்ல எதுவுமே இல்லை. போனில் யார் எவ்வளவு அழுத்திக் கேட்டாலும், கொடுப்பதற்கு உங்களிடம் எண் இல்லை.

சர்வர் பக்கமும் வித்தியாசம் உண்டு. ஆப் வழியில் ரகசியம் இரண்டு பக்கமும் இருக்கிறது. 2011-ல் ஆர்எஸ்ஏ நிறுவனத்துக்குள் புகுந்தவர்கள் அதன் செக்யூர்ஐடி டோக்கன்கள் (இதே போல எண் காட்டும் சின்னக் கருவிகள்) பற்றிய தகவல்களைத் திருட, உலகம் முழுக்க லட்சக்கணக்கான டோக்கன்களை மாற்றித் தர வேண்டிய நிலை வந்தது. சாவி வழியில் சர்வரைத் திருடினாலும் கிடைப்பது பொதுப் பாதி மட்டும். அதை வைத்து யாரும் உள்ளே வர முடியாது.

குறை என்ன? காசு. ஒரு சாவி சில ஆயிரம் ரூபாய். ஒருவருக்கு ஒன்று போதாது, இரண்டு வாங்க வேண்டும். ஒன்று தொலைந்தால் மற்றது. அறுபது பேருக்கு நூற்றிருபது சாவி என்று முதலாளியிடம் போய் நின்றால் அவர் என்ன சொல்வார் என்று தெரியும், அது நியாயமும்கூட. வாங்கும்போது கம்ப்யூட்டரின் துளை பழைய அகல யூஎஸ்பியா, புது டைப்-சியா என்று பார்த்து வாங்க வேண்டும். சில பழைய மென்பொருட்கள் சாவியை ஏற்காது. இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும்: கம்ப்யூட்டரிலேயே வைரஸ் புகுந்து, ஏற்கெனவே திறந்திருக்கும் லாகினைத் திருடினால் சாவியும் காப்பாற்றாது.

பாஸ்கீ என்று இப்போது எல்லாத் தளமும் கேட்கிறதே, அது இதே தொழில்நுட்பம்தான். யூஎஸ்பி சாவிக்குப் பதிலாகப் போனோ லேப்டாப்போ சாவி ஆகிறது. காசு இல்லை, போலிப் பக்கமும் பலிக்காது. தனி லேப்டாப் வைத்திருப்பவர்களுக்கு அருமையான வழி, நான் அதையே சொல்வேன். ஆனால் எங்கள் ஷாப் ஃப்ளோரில் ஒரே கம்ப்யூட்டரில் மூன்று ஷிப்டு ஆட்கள் மாறி மாறி உட்காருகிறார்கள். போனில் இருக்கும் பாஸ்கீயை அந்தக் கம்ப்யூட்டரில் பயன்படுத்த, கியூஆர் ஸ்கேன் செய்யும்போது இரண்டிலும் புளூடூத் வேண்டும். எங்கள் பழைய டெஸ்க்டாப்புகளில் புளூடூத் கிடையாது. அங்கே பேச்சு முடிந்தது.

எந்த ஆப்?

கூகுள் ஆத்தென்டிகேட்டர் எளிமையானது. 2023 ஏப்ரலில் அது எண்களை கூகுள் கணக்கில் சேமித்து வைக்கும் வசதியைக் கொண்டு வந்தது. போன் தொலைந்தவர்களுக்கு இது பெரிய ஆறுதல். அதே சமயம் கம்பெனி ரகசியம் ஊழியரின் சொந்த ஜிமெயிலுக்குள் போய் உட்காருகிறது. அதே வருஷம் ஆகஸ்டில் ரீடூல் என்ற நிறுவனத்தில், ஊழியர் ஒருவரைப் போனில் ஏமாற்றி அவருடைய கூகுள் கணக்கைப் பிடித்தவனுக்கு, அதில் சேமித்திருந்த எண்கள் மொத்தமும் கிடைத்துவிட்டன. ஆகவே கூகுள் ஆப்பைப் பயன்படுத்தினால், வேலைக் கணக்குகளுக்கு அந்தச் சேமிப்பை அணைத்து வைக்கச் சொல்கிறேன்.

மெயில் மைக்ரோசாஃப்ட் 365-ல் இருந்தால் மைக்ரோசாஃப்ட் ஆத்தென்டிகேட்டர்தான் இயல்பான தேர்வு. ஸோஹோ மெயில், ஸோஹோ புக்ஸ் பயன்படுத்தும் கம்பெனிகளுக்கு, சென்னைக்காரர்களான அவர்களுடைய ஒன்ஆத் இருக்கிறது. தன் கையிலேயே பேக்கப் இருக்க வேண்டும் என்பவருக்கு ஆண்ட்ராய்டில் ஏஜிஸ். மூல நிரல் திறந்தது, பாஸ்வேர்டு போட்ட ஒரு ஃபைலாக எடுத்து வைக்கலாம். எதை எடுத்தாலும் பிளே ஸ்டோரில் பெயரை மட்டும் பார்க்காமல் வெளியிட்ட நிறுவனத்தின் பெயரைப் பாருங்கள். "ஆத்தென்டிகேட்டர்" என்று தேடினால் அதே மாதிரி சின்னத்தோடு காசு கேட்கும் ஆப்களும் வரிசையில் நிற்கும்.

இன்னொரு கேள்வி எனக்கு மிகவும் முக்கியமானது. சாம்பிள் செக்ஷனில் வேலை செய்யும் ஒரு பெண் தயங்கித் தயங்கிக் கேட்டார்: "அண்ணா, இதைப் போட்டா நான் எங்க போறேன், யார்கிட்டப் பேசறேன்னு ஆபீஸ்ல தெரியுமாங்க?" இந்தக் கேள்வியை ஒதுக்கிவிட்டு ஆப்பைத் திணிக்கிற கம்பெனி செய்வது தப்பு. போன் அவருடையது. ஆறு இலக்க எண் மட்டும் தரும் ஆப்புக்கு ஸ்கேன் செய்யும் நேரத்துக்குக் கேமரா அனுமதி போதும். இருப்பிடம், தொடர்புகள், மெசேஜ் எதுவும் வேண்டாம், கம்பெனியால் எதையும் பார்க்கவும் முடியாது. அவர் போனிலேயே அனுமதிகள் பக்கத்தைத் திறந்து காட்டினேன். போனையே கம்பெனியின் நிர்வாகத்துக்குக் கீழே கொண்டுவரும் மென்பொருள் வேறு வகை. அதை சொந்தப் போனில் போடச் சொல்ல மாட்டோம் என்று எழுதிக் கொடுத்தோம். அப்படியும் ஆப் போட விருப்பமில்லாதவருக்குக் கம்பெனிதான் மாற்று வழி தர வேண்டும்.

போன் தொலைந்த நாள்

எந்தப் பூட்டை வைத்தாலும் சாவி தொலையும். நல்ல பூட்டு போட்டுவிட்டு, பின்வாசலைத் திறந்து வைத்தால் திருடன் பின்வாசலில் வருவான். 2023 செப்டம்பரில் லாஸ் வேகாஸின் எம்ஜிஎம் ஹோட்டல்களில் நடந்ததாகச் செய்திகள் சொன்னது இதைத்தான்: ஊழியர் போல ஐடி உதவி மையத்துக்குப் போன் செய்து லாகினை மாற்றி வாங்கினார்கள். தங்களுக்கு ஏறக்குறைய 10 கோடி டாலர் பாதிப்பு என்று அந்த நிறுவனமே கணக்குச் சொன்னது.

எங்கள் ஆபீஸில் அந்த உதவி மையம் நான்தான். அதனால் எனக்கே ஒரு கட்டுப்பாடு போட்டுக்கொண்டேன்: போனில் கேட்டால் ரீசெட் கிடையாது, முதலாளியே கேட்டாலும். நேரில் வர வேண்டும். வெளியூரில் இருந்தால் வீடியோ காலில் முகம் பார்த்து, கூடவே அவருடைய மேனேஜரை நானே கூப்பிட்டு உறுதி செய்த பிறகுதான். ஒரு மெர்ச்சண்டைசர் சனிக்கிழமை கோவை பஸ் ஸ்டாண்டில் போனைத் தொலைத்துவிட்டு, அன்று மாலை யாரிடமோ போன் வாங்கிக் கூப்பிட்டார். பழகிய குரல்தான், அவரேதான். திங்கள் காலை நேரில் வந்த பிறகுதான் மாற்றிக் கொடுத்தேன். கோபப்பட்டார். அந்தக் கோபத்தை நான் தாங்கித்தான் ஆக வேண்டும்.

முன்கூட்டியே எடுத்து வைக்கும் பேக்கப் எண்களையும் மறக்கக் கூடாது. கூகுள் கணக்கில் பத்து எண்கள் தருகிறது, ஒவ்வொன்றும் ஒரே முறை செல்லும். அதை போனிலேயே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைப்பவர்கள்தான் அதிகம். போன் தொலைந்தால் அதுவும் கூடவே போய்விடும். காகிதத்தில் அச்சடித்து, கவரில் ஒட்டி, அக்கவுன்ட்ஸ் ரூமில் இருக்கும் இரும்புப் பெட்டிக்குள் வைத்திருக்கிறோம்.

எங்கள் முடிவு

எல்லோருக்கும் ஒரே பூட்டு வேண்டாம் என்று முடிவு செய்தோம். யார் லாகின் பறிபோனால் பணம் நேரடியாகப் போகும், யார் லாகின் பறிபோனால் மொத்த ஆபீஸும் போகும் என்று பட்டியல் போட்டபோது ஐந்து பேர் வந்தார்கள்: முதலாளி, அக்கவுன்ட்ஸ் மேனேஜர், வங்கி வேலை பார்க்கும் இருவர், அட்மின் லாகின் வைத்திருக்கும் நான். இந்த ஐவருக்கும் ஆளுக்கு இரண்டு யூஎஸ்பி சாவி, மொத்தம் பத்து. மெயிலுக்கும் கிளவுட் கணக்குக்கும் அதைத் தவிர வேறு வழியில் உள்ளே வர முடியாதபடி மூடியாயிற்று. இது முக்கியம், சாவியும் வைத்து, "முடியாவிட்டால் எஸ்எம்எஸ்" என்றும் விட்டு வைத்தால் திருடன் எஸ்எம்எஸ்ஸைத்தான் தேர்ந்தெடுப்பான். வங்கித் தளம் அதன் சொந்த வழியைத்தான் கேட்கும், அதில் நம் கையில் ஒன்றும் இல்லை.

மெர்ச்சண்டைசர்களுக்கு எண் பொருத்தத்தோடு ஆப். பையரிடம் பேசுகிறவர்கள் என்பதால் அடுத்த வருஷம் இவர்களையும் லேப்டாப்பில் பாஸ்கீக்கு மாற்ற வேண்டும் என்பது என் ஆசை. டிஸ்பாட்சுக்கு ஷீல்டு ஆப், ஆளுக்கு ஒரு சப்-யூசர். மற்ற எல்லோருக்கும் ஆறு இலக்க ஆப். எஸ்எம்எஸ்ஸை நம் கையில் இருக்கும் எல்லா இடத்திலும் அணைத்தாயிற்று.

கீபேட் போன் வைத்திருக்கும் மூன்று பேர் மிச்சம் இருந்தார்கள். அவர்களுக்காக ஸ்மார்ட்போன் வாங்குவதா என்று யோசித்து, கடைசியில் சாவியே கொடுத்தோம். கணக்குப் பார்த்தால் அதுதான் மலிவு. அதில் ஒருவர் ஸ்டோர்ஸில் இருபது வருஷமாக இருக்கும் அக்கா. ஸ்டோர்ஸ் பீரோ சாவிக் கொத்திலேயே இதையும் கோத்துக்கொண்டார். காலையில் வந்ததும் பீரோவைத் திறக்கிறார், அதே கொத்திலிருந்து யூஎஸ்பியைச் செருகுகிறார், பின் எண் போட்டு விரலால் தொடுகிறார். மற்றவர்கள் இன்னும் போனைத் தேடிக்கொண்டிருக்கும்போது அவர் முதல் ஜிஆர்என் (சரக்கு வந்து சேர்ந்ததற்கான பதிவு) போட்டு முடித்திருப்பார். மூன்று பேருக்கும் இரண்டாவது சாவி இன்னும் வரவில்லை, ஆர்டர் போட்டிருக்கிறேன்.